அப்பா போடாத கையெழுத்து

அப்பா மறைந்து முப்பத்தோராம் நாளாகிய இன்று எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுக்கு முன்னரோ பின்னரோ இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். முதல் பக்கத்தில் அப்பாவின் படம் இருக்கிறது. அதற்குப் பின் தேவாரமும் கிரியை விபரமும் வருகின்றன. பேரப்பிள்ளைகள் எழுதியவற்றைத் தம்பி தொகுத்திருக்கிறான். அப்பாவின் வாழ்க்கையை எழுதும் வேலை எனக்கு வந்தது.

எழுத உட்காருமுன்பே இரண்டு தொலைபேசி அழைப்புகள் வந்துவிட்டன. ஒன்று கனடாவிலிருக்கும் பெரியமாமா. "பிள்ளை, கடல்தொழில் எண்டு போடாதை. படகுப் பொறியியலாளர் எண்டு போடு. நாளைக்குப் பேரப்பிள்ளையளுக்குக் கலியாணம் பேசேக்கை உதவும்" என்றார். மாமா கோபிக்கக்கூடாது. அப்பா மீன் பிடித்தார், படகு கட்டினார், மற்றவர்களுக்கு மீன் பிடிக்க வழி காட்டினார். பொறியியலாளராக அவர் ஒருநாளும் இருந்ததில்லை.

மற்ற அழைப்பு இந்த ஊரிலிருந்தே வந்தது. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். "அந்தச் சங்கத்துப் பிரச்சினையை எழுதிப்போடாதையும். பாவம், நல்ல மனிசன். கையெழுத்துப் போட்டுட்டு மாறினதை இப்ப ஏன் கிளறுவான்?" என்று அன்போடுதான் கேட்டார். அந்த அன்புதான் என்னைச் சுட்டது. ஏனென்றால் உங்களில் பலருக்கு அப்பாவைப் பற்றி இரண்டு விடயங்கள் தெரியும். அவர் நன்றாக மீன் பிடிப்பார். சொல்லில் நிற்கமாட்டார், கையெழுத்துப் போட்டுவிட்டு மாறிவிட்டார். முதலாவது உண்மை. இரண்டாவது பொய். அது பொய் என்று இதுவரை அறிந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் போன மாதம் போய்விட்டார். நானும் வாயை மூடிக்கொண்டால் அந்தப் பொய்தான் அப்பாவின் பெயரோடு மிஞ்சும்.

அப்பா வடமராட்சிக் கரையில், ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவராகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று தாமே முடிவு செய்து, ஓர் ஓடாவியிடம், அதாவது வள்ளம் கட்டும் தச்சரிடம், வேலைக்குச் சேர்ந்தார். விடியலில் கடல், பகலில் உளியும் பலகையும். போர் வந்து கடலுக்குப் போகக்கூடாது என்றானபோது இரண்டு தொழிலும் ஒன்றாக நின்றன. தடையை மீறிப் போன கூட்டாளிகள் இருவர் திரும்பி வரவில்லை. அதன் பிறகுதான் அவர் ஜேர்மனிக்குப் புறப்பட்டார். எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் "நடந்து" என்பார். பாதிக்குமேல் அது உண்மைதான். அம்மா மூன்று வருடம் கழித்து வந்தார். நானும் தம்பியும் கெல்சென்கிர்ச்சனில் பிறந்தோம்.

உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு கந்தோர்களை, அதாவது அலுவலகங்களை, துப்புரவு செய்யும் வேலை கிடைத்தது. கால்வாய்க்கரையில் இருந்த ஒரு படகுப் பட்டறையின் கந்தோரும் அதில் ஒன்று. ஒருநாள் பட்டறையில் ஒருவர் படகின் பலகை இடுக்கை அடைத்துக்கொண்டிருந்ததை அப்பா கொஞ்ச நேரம் பார்த்தாராம். பிறகு பொறுக்கமுடியாமல் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, அந்த மனிதரின் கையிலிருந்து சுத்தியலை வாங்கி வேலையை முடித்துக் கொடுத்தாராம். பேச்சுக்கு ஜேர்மன் பத்துச் சொல் தெரியாது. பட்டறை முதலாளி மறுமாதமே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார். அந்தச் சுத்தியலைப் பறிகொடுத்தவர்தான் டீட்டர். உங்களில் பலர் அவரை மரணவீட்டில் பார்த்திருப்பீர்கள், வேட்டி கட்டப் பழக்கமில்லாமல் ஒரு கையால் பிடித்தபடியே நின்ற உயரமான மனிதர்.

இந்த நாட்டில் மீன் பிடிப்பதற்கும் சோதனை எழுதவேண்டும். கடற்கரையில் பிறந்த மனிதருக்கு அது முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு ரோஷம் வந்தது. மீன்களின் படங்களைக் குளியலறைச் சுவரில் ஒட்டிவைத்துப் பாடமாக்கினார். அம்மா குளிக்கப் போனால் நாற்பது மீன் தன்னைப் பார்க்கிறதென்று ஏசுவார். சோதனையில் சித்தியடைந்து, சில வருடங்களில் வார இறுதிகளில் தூண்டில் வழிகாட்டியாகவும் தொழில் பதிந்துகொண்டார். ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்கள், துருக்கிக் கடைக்காரர்கள் என்று பலரும் அவரோடு போனார்கள். எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எந்த நேரத்தில் மீன் நிற்கும் என்று காட்டுவதுதான் வேலை. அவசரப்படுபவர்களிடம், "பொறுங்கோ, மீனுக்கும் இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை" என்று தமக்குத் தெரிந்த ஜேர்மனில் சொல்லுவார்.

இனி அந்த ஏரிக்கு வருகிறேன். எங்கள் நகரத்திலிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில், மணல் அள்ளியதால் உண்டான ஏரி அது. நகரசபைக்குச் சொந்தமானது. ஒரு தூண்டில்காரர் சங்கம் குத்தகைக்கு எடுத்து நடத்தியது. முன்கரையில் இறங்குதுறை, வாடகைப் படகுகள், மர நிழல், கழிப்பறை எல்லாம் இருந்தன. பின்கரை பெருந்தெருவைத் தாங்கும் மண்மேட்டுக்குக் கீழே, நாணலும் சேறுமாகக் கிடந்தது. அங்கத்தவர் அல்லாதவர்கள் வாசலில் உள்ள சிறிய ஜன்னலில் நாள் அட்டை வாங்கவேண்டும். அட்டை இரண்டு நிறம். வெள்ளை அட்டைக்காரர் எங்கும் மீன் பிடிக்கலாம். மஞ்சள் அட்டைக்காரர் பின்கரையில் மட்டும். புதிய விருந்தினருக்கு மஞ்சள் என்று பலகையில் எழுதியிருந்தார்கள். அப்பா நாலு வருடமாகப் புதிய விருந்தினராகவே இருந்தார்.

அந்தச் சங்கத்தின் படகுகள் எல்லாம் அப்பா வேலை செய்த பட்டறையில்தான் செய்யப்பட்டன. முன்கரையில் கட்டிக்கிடந்த ஆறு படகுகளில் நாலு அவருடைய கையால் ஆனவை. கிழமை நாட்களில் பட்டறை உடுப்போடு படகைக் கொண்டுபோய் இறங்குதுறையில் கட்டிவிட்டு வருவார். யாரும் மறித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு போனால் அதே பலகையில் கால் வைக்கக்கூடாது.

முதலில் அவரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. டீட்டர் அந்தச் சங்கத்தில் அங்கத்தவர். வேறு நகரத்திலிருந்து டீட்டரின் மைத்துனர் வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த ஏரிக்கு வந்தார். அவருக்கு வெள்ளை அட்டை கொடுத்தார்கள். அவருக்குப் பின்னால் நின்றவர் கானாவில் பிறந்து, ஜேர்மனியில் படித்து, இங்கேயே மருத்துவராக இருக்கும் ஒருவர். மூன்று வருடமாக வந்துபோகிறவர். அவருக்கு மஞ்சள். அதை நேரில் கண்ட நாளிலிருந்து அப்பா மஞ்சள் அட்டைகளைச் சேர்க்கத் தொடங்கினார். அட்டையின் கீழ்ப்பாதியில் பிடித்த மீனை எழுதிப் பெட்டியில் போடவேண்டும், மேல்பாதி நம்மிடமே இருக்கும். பின்கரையில் நின்ற ஒவ்வொருவரிடமும் அந்த மேல்பாதியைக் கேட்டு வாங்கி ஒரு பிஸ்கற் தகரப் பேணிக்குள் வைத்தார். துருக்கியர், வியட்நாமியர், நம்மவர்கள், அந்த மருத்துவர் எல்லோருடைய பெயரும் அதில் இருந்தன. ஒரு ஜேர்மன் பெயர்கூட இருக்கவில்லை.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "பின்கரையிலை மீன் இல்லையோ?" என்று கேட்டார்.

"இருக்கு."

"பிறகென்ன உங்களுக்கு?"

அப்பா பேணியை அலுமாரிக்கு மேல் வைத்தார்.

ஒரு வசந்தகால ஞாயிறு காலை, ஓர் ஆசிரியரும் ஒரு முன்னாள் சுரங்கத் தொழிலாளியும் அப்பாவை வழிகாட்டியாக அழைத்திருந்தார்கள். ஆசிரியர் ஜேர்மன்காரர், மற்றவர் துருக்கியர். ஜன்னலில் ஆசிரியருக்கு வெள்ளை, மற்ற இருவருக்கும் மஞ்சள். ஆசிரியர் வெட்கப்பட்டு, "நானும் பின்கரைக்கே வருகிறேன்" என்றார். அப்பா வேண்டாம் என்றார். மூன்று பேரும் முன்கரைக்குப் போய் இறங்குதுறையில் அமர்ந்தார்கள். சங்கத்தின் காவலர் வந்து எழும்பச் சொன்னார். அப்பா, ஏலாது என்றார். காவலர் கத்தினார். அப்பா தூண்டிலைப் பார்த்தபடியே இருந்தார். பொலிஸ் வந்து பெயரை எழுதிக்கொண்டு போனது.

பத்து நாளில் கடிதம் வந்தது. அத்துமீறி நுழைந்தார், கத்தியைக் காட்டிக் காவலரை மிரட்டினார் என்று சங்கம் முறைப்பாடு செய்திருந்தது. கத்தி இருந்தது உண்மை. மீன் பிடிப்பவர் கத்தி வைத்திருக்கவேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். அது அவருடைய பெட்டிக்குள் இருந்தது.

அந்த நேரம் எங்கள் நால்வருடைய குடியுரிமை அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், அரசாங்கக் கந்தோரில் கிடந்தது. எனக்குப் பதினெட்டு வயது முடிந்திருந்ததால் என்னுடையது தனிக்கோவை. மற்ற மூவருடையதும் ஒன்றாக. அப்பாவின் மேல் விசாரணை இருப்பதால் அந்த மூவருடைய முடிவும் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று அடுத்த கடிதம் வந்தது. வருடத்துக்கு வருடம் வீசா நீட்டிய காலம் அது. ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. தெரிந்த ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கதவில் மணி அடித்தால் அம்மா முதலில் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பார். கத்தி என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தபிறகு, மரக்கறி வெட்டும் கத்தியைக்கூட நான் உடனே கழுவி ஒளித்துவைத்தேன்.

பிறகு சங்கத் தலைவரின் கடிதம். முன்கரையில் இருந்தது தவறு, காவலரை மிரட்டியது உண்மை, அட்டை விதி நியாயமானது, இனி முன்கரையில் கால் வைக்கமாட்டேன் என்று நாலு வரி. கீழே கையெழுத்துப் போட்டு இரண்டு கிழமைக்குள் அனுப்பினால் முறைப்பாட்டை மீளப்பெறுவோம் என்று எழுதியிருந்தார்கள். நான்தான் அதைத் தமிழில் வாசித்துச் சொன்னேன்.

"செய்யாததைச் செய்தனான் எண்டு எழுதித் தரச் சொல்லுறாங்கள்" என்றார் அப்பா.

அம்மா அவருக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார். "இஞ்சை பாருங்கோ. ஒரு கையெழுத்துத்தானே. உங்கடை பிள்ளையளுக்காகப் போடுங்கோ. நான் உங்களிட்டை வேறை என்ன கேட்டனான்?"

"ஏலாதப்பா. அந்தப் பேணிக்குள்ளை கிடக்கிற அட்டையெல்லாம் என்னை நம்பித் தந்த ஆக்களின்ரை. நான் விதி நியாயம் எண்டு எழுதினால் அவையளை நான் வித்த மாதிரி."

கடிதம் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் கிடந்தது. அம்மா ஒவ்வொரு நாளும் அதை எடுத்துத் துடைத்துவிட்டு அதே இடத்தில் வைப்பார். அப்பா அதைப் பார்க்காமல் பால் எடுப்பார். பதின்மூன்று நாள் இப்படிப் போனது.

இந்த இடத்தில் எங்களைப் போன்ற வீடுகளின் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். இந்த மலரை வாசிக்கும் என் வயதுக்காரர் எல்லோருக்கும் அது தெரியும். பதினொரு வயதிலிருந்து வீட்டுக்கு வரும் ஜேர்மன் கடிதமெல்லாம் எங்கள் பொறுப்பு. படிவம் நிரப்புவோம், கந்தோர்களில் போய்ச் சந்திக்க டெர்மின் எடுப்போம், அப்பா வேலையில் இருந்தால் அவருடைய கையெழுத்தையும் நாங்களே போடுவோம். "என்ரை மாதிரியே போடு, பிள்ளை" என்று அவரே ஒரு தாளில் போட்டுக் காட்டியிருந்தார். பாடசாலைக் கடிதம், மின்சாரம், காப்புறுதி என்று ஏழு வருடத்தில் எத்தனை போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அது பிழை என்ற எண்ணமே எங்கள் வீட்டில் யாருக்கும் இருக்கவில்லை.

பதினாலாம் நாள் காலை அப்பா பட்டறைக்குப் போனபின், நான் அந்தக் கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அப்பாவின் கையெழுத்து. ஒரே இழுப்பில் போட்டேன், அவ்வளவு பழக்கம். தபாலில் போட்டுவிட்டு வந்து அம்மாவிடம், "அப்பா போட்டுட்டார்" என்றேன்.

அம்மா சுவாமித்தட்டுக்கு முன் நின்று அழுதார். பிறகு, "நீ அவரை ஒண்டும் கேட்டுப்போடாதை. பாவம், விருப்பமில்லாமல் போட்டிருப்பார். நாங்கள் தெரியாத மாதிரி இருப்பம்" என்று என்னிடம் சொன்னார். அன்று முதல் அப்பாவிடம் மிகவும் தணிவாக நடந்துகொண்டார். கடிதம் போன இடத்தைப் பற்றி அப்பாவும் கேட்கவில்லை. அம்மா கோபத்தில் கிழித்துப்போட்டார் என்று நினைத்தாராம். ஒருவரை ஒருவர் புண்படுத்தக்கூடாது என்று இருவரும் காத்த மௌனத்துக்குள் என் பொய் சுகமாக இருந்தது.

இலையுதிர்காலத்தில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் ஒரு ஞாயிறு காலை நடந்தது. எல்லோருக்கும் ஒரே நிற அட்டை என்று டீட்டர் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தார். விருந்தினராக அப்பாவும் பேசலாம் என்று அனுமதி வாங்கியிருந்தார். மொழிபெயர்க்க நான் போகவேண்டும். மாட்டேன் என்று சொல்ல என்னிடம் காரணம் இருக்கவில்லை. கடிதம் அனுப்பியாகிவிட்டது, அவர்கள் முறைப்பாட்டை மீளப்பெற்றிருப்பார்கள், இனி அதைப் பற்றி யார் பேசப்போகிறார்கள் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு போனேன்.

அறை நிறைய ஆட்கள். அப்பா தம்முடைய ஒரே கோட்டைப் போட்டிருந்தார். பேணியைத் திறந்து அட்டைகளை மேசையில் ஒவ்வொன்றாக அடுக்கினார். நாற்பத்தொரு அட்டை. பெயர்களை மட்டும் வாசித்தார். வேறொன்றும் சொல்லவில்லை. வாசித்து முடியும்போது பின்வரிசையில் சிலர் தலையைக் குனிந்துகொண்டதைக் கண்டேன். ஒரு கிழவர், "இது சரியில்லை" என்று உரக்கவே சொன்னார். வெல்லப்போகிறோம் என்று அந்தக் கணம் எனக்கும் தோன்றியது.

அப்போது தலைவர் எழுந்தார். மடித்த ஒரு தாளை விரித்தார். "இந்த மனிதரே விதி நியாயமானது என்று எழுதித் தந்திருக்கிறார். காவலரை மிரட்டியதையும் ஒப்புக்கொண்டிருக்கிறார். முறைப்பாட்டை மீளப்பெறும் கடிதத்தை இந்தக் கூட்டம் முடியட்டும் என்று வைத்திருந்தோம், நாளை போக இருக்கிறது" என்று சொல்லி, நாலு வரியையும் வாசித்தார்.

அப்பா என் பக்கம் குனிந்தார். "என்ன பிள்ளை சொல்லுறார்?"

நான் மேசையிலிருந்த அட்டைகளை அடுக்கத் தொடங்கினேன். "பிள்ளை, என்ன வாசிக்கிறார்?" என்று மறுபடியும் கேட்டார். நான் அழத் தொடங்கினேன். தலைவர் தாளைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பா அதைப் பார்த்தார். அடியிலிருந்த கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னை ஒரேயொரு தடவை பார்த்தார்.

இது என்னுடைய கையெழுத்தல்ல என்று அவர் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். தலைவரின் வாய் அடைபட்டிருக்கும், தீர்மானமும் வென்றிருக்கும். ஆனால் அடுத்த கேள்வி யார் போட்டது என்பதுதான். கள்ளக் கையெழுத்து இந்த நாட்டில் குற்றம். எனக்கோ பதினெட்டு வயது, தனிக்கோவை, இன்னும் முடிவு வராத அன்ட்ராக். இதையெல்லாம் அப்பா அந்த அரை நிமிடத்துக்குள் யோசித்திருக்கவேண்டும்.

எழுந்து நின்றார். எனக்காகக் காத்திராமல் தம்முடைய உடைந்த ஜேர்மனிலேயே பேசினார். "கையெழுத்து என்னுடையதுதான். பயத்தில் போட்டது. எழுதியிருப்பது உண்மையல்ல. இன்றைக்கு அதைத் திரும்பப் பெறுகிறேன்."

அறையில் சிரிப்பு எழுந்தது. "இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று" என்று யாரோ கத்தினார். அந்தக் கிழவர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். தீர்மானம் தோற்றது. முறைப்பாட்டை மீளப்பெறும் கடிதம் போகவில்லை.

வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தோம். அப்பா சாவியைத் திருப்பவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி வேறொரு கதை சொன்னார்.

"ஊரிலை என்னோடை ஒருத்தன் வள்ளத்திலை வாறவன். ஒரே துடுப்பு, ஒரே சாப்பாடு. கரைக்கு வந்து தேத்தண்ணிக் கடைக்குப் போனால் எனக்கு உள்ளுக்கை கிளாசிலை தருவினம். அவனுக்கு வெளியிலை, வெட்டின போத்தலிலை. அவன்ரை சாதிக்கு அப்பிடித்தான். ரெண்டு வருசம் நான் உள்ளுக்கை இருந்து குடிச்சனான், பிள்ளை. ஒரு சொல்லுச் சொல்லேல்லை. சொன்னால் எனக்கும் கிளாஸ் கிடையாது எண்ட பயம்."

பிறகு என் பக்கம் திரும்பி, "பயத்திலை செய்தனீ. விளங்குது. ஆனால் கொம்மாவுக்கு இப்ப சொல்லாதை. ஆருக்கும் சொல்லாதை. உன்ரை பேப்பர் வரட்டும்" என்றார்.

நான் சொல்லவில்லை. அம்மாவைப் பொறுத்தவரை அப்பா பிள்ளைகளுக்காகக் கையெழுத்துப் போட்டவர், பிறகு தம் வீம்புக்காகக் குடும்பத்தைத் தெருவில் விட்டவர். இரண்டு வருடம் அவர் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குப் போய்விடுவார். கதை ஊருக்குள் பரவியது. கோயிலில், கடையில், பிறந்தநாள் வீடுகளில் அப்பா வந்தால் பேச்சு நிற்கும். சங்கம் தன் படகு வேலைகளை வேறு பட்டறைக்குக் கொடுத்ததால் பட்டறையில் அவருக்கு அரைநாள் வேலைதான். அந்தக் குளிர்காலம் என்னுடைய குடியுரிமைப் பத்திரம் வந்தது. அப்பா எனக்குக் கை கொடுத்து, "கெட்டிக்காரி" என்றார். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

அப்போதாவது நான் பேசியிருக்கவேண்டும். பேசவில்லை. வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோதும் பேசவில்லை. நான் கையெழுத்துப் போட்ட தாள் இப்போது அப்பாவுக்கு எதிரான சாட்சியாக நீதிபதியின் மேசையில் கிடந்தது. "மிரட்டினேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இது உங்கள் கையெழுத்தா?" என்று நீதிபதி கேட்டார். நான் பின்வரிசை வாங்கில் இருந்தேன். எழுந்து ஒரு சொல் சொன்னால் போதும் என்று கால் துடித்தது. அப்பா திரும்பி என்னைப் பார்க்கவேயில்லை. "ஓம், என்னுடையது" என்றார். இரண்டாவது தடவை.

அன்று அவரைக் காப்பாற்றியது அந்த ஆசிரியர். கத்தியைப் பற்றிக் கேட்டபோது அவர், "அந்தக் கத்தியை நான் ஒரு தடவைதான் கண்டேன். அதனால் அவர் எனக்கு ஓர் அப்பிள் வெட்டித் தந்தார். அது காவலர் வருவதற்கு வெகுநேரம் முன்" என்றார். காவலரும் கேள்விமேல் கேள்வி வர, கத்தியை அப்பாவின் கையில் காணவில்லை, பெட்டிக்குள்தான் கண்டேன் என்று சொல்லிவிட்டார். டீட்டர் நாற்பத்தொரு அட்டையையும் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். உள்ளூர்ப் பத்திரிகையில் மஞ்சள் அட்டைகளின் படம் வந்தது. குத்தகையைப் புதுப்பிக்கவேண்டுமானால் இரண்டு நிறம் கூடாது என்று நகரசபை சொன்னது. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் ஒரே நிறம் என்றானது. தலைவரும் மாறினார்.

விதி மாறிய முதல் ஞாயிறு, பேணியில் பெயர் இருந்த பலரும் முன்கரைக்கு வந்தார்கள். அந்த மருத்துவர் ஒரு பெட்டி கேக் கொண்டுவந்தார். எல்லோரும் அப்பா முதலில் தூண்டில் போடட்டும் என்று விலகி நின்றார்கள். அப்பா தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு, தாம் கட்டிய படகு ஒன்றுக்குள் இறங்கி, "இந்தப் பலகையை எந்த மடையன் இப்பிடி அறைஞ்சவன்? டீட்டர், நீதானே?" என்று சத்தம் போட்டார். அவருக்கும் அம்மாவுக்கும் தம்பிக்கும் குடியுரிமை வர மேலும் ஒரு வருடம் பிடித்தது. அது வந்த அன்றுதான் அம்மா மறுபடியும் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அதன் பிறகும் அப்பா நிறையச் செய்தார். சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய அகலமான படகொன்றைக் கட்டி அதே ஏரியில் விட்டார். எழுபது வயது வரை வழிகாட்டியாகப் போனார். ஆனால் நம்மவர்களிடையே அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. தம்பியின் கலியாணப் பேச்சில்கூட, "தேப்பன் கொஞ்சம் மாறுற ஆள்" என்று யாரோ சொல்லி, அது சுற்றி அப்பாவின் காதுக்கு வந்தது. அவர் சிரித்தார். "இப்பவாவது சொல்லுறன் அப்பா" என்றேன். "கலியாண வீட்டிலை ஏன் குழப்புவான்" என்றார். எப்போதும் ஏதோ ஒரு நல்ல காரணம் இருந்தது. அந்தக் காரணங்களை நானும் விரும்பித்தான் ஏற்றுக்கொண்டேன்.

நுரையீரல் நோய் வந்து ஆஸ்பத்திரியில் இருந்த கடைசிக் கிழமைகளில் ஒரு மத்தியானம் கடைசியாகக் கேட்டேன். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "நான் போனாப்பிறகு சொல்லு. இப்ப சொன்னால் கொம்மா எங்கள் ரெண்டு பேரோடையும் கதைக்கமாட்டா. எனக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் கிடக்கு, கதைக்க ஒராள் வேணும்." அம்மா அப்போது கஞ்சி எடுக்கப் போயிருந்தார். நான்கு நாட்களுக்குப் பின், அம்மாவின் கையைப் பிடித்தபடியே அப்பா அமைதியடைந்தார். அவருக்கு எழுபத்திரண்டு வயது.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அம்மாவிடம் கொடுத்தேன். குசினியில் நின்றபடியே வாசித்தார். முடித்தபின் நெடுநேரம் தாளை மேசையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து நேராக்கினார். "ரெண்டு வருசம்" என்றார். "பக்கத்திலை இருந்த மனிசனுக்கு நான் ஒரு கோப்பை தேத்தண்ணி கையிலை குடுக்கேல்லை. மேசையிலை வச்சிட்டுப் போனனான்." பிறகு என்னைப் பார்க்காமல், "போடு. ஒரு சொல்லும் குறைக்காமல் போடு" என்று சொல்லி அறைக்குள் போனார். அதன்பின் அம்மா என்னோடு பேசவில்லை. இந்த வரிகளைச் சேர்த்து அச்சுக்குக் கொடுக்கும்போது ஒன்பதாம் நாள். அது எனக்கு வரவேண்டியதுதான்.

நன்றி சொல்லும் கடமை இருக்கிறது. அப்பாவின் நோய்க்காலத்தில் இரவும் பகலும் பார்த்த ஆஸ்பத்திரித் தாதியருக்கும், கிரியைகளை நடத்திய குருக்களுக்கும், முப்பத்தொரு நாளும் சட்டிபானையோடு வந்து எங்கள் குசினியை நடத்திய அயல்வீட்டு அக்காமாருக்கும், கடையைப் பூட்டிவிட்டு வந்த அண்ணைமாருக்கும் நன்றி. அன்று நீதிமன்றத்தில் உண்மை சொன்ன ஆசிரியருக்கு நன்றி. அவர் இப்போது இல்லை, அவருடைய மகள் வந்திருந்தார். தங்கள் பெயரை அட்டையோடு அப்பாவிடம் ஒப்படைத்த நாற்பத்தொரு பேருக்கும் நன்றி. சவப்பெட்டியின் மூடியைத் தம் கையால் இழைத்துத் தந்த டீட்டருக்கு நன்றி சொன்னால் ஏசுவார், ஆனாலும் சொல்கிறேன். கிரியை நாளன்று இறங்குதுறையில் படகு எதையும் வாடகைக்கு விடாமல் நிறுத்திவைத்த இன்றைய சங்கத்தாருக்கும் நன்றி.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். இதை வாசித்து என்மேல் கோபம் வந்தால் வீட்டுக்கு வந்து என் முகத்துக்கு நேரே ஏசுங்கள். ஆனால் இனி எங்காவது, ஒரு கலியாண வீட்டிலோ கடை வாசலிலோ, எங்கள் அப்பாவைக் கையெழுத்துப் போட்டுவிட்டு மாறினவர் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து பேசாமல் இருக்கவேண்டாம். அந்த மனிதர் அந்தக் கையெழுத்தைப் போடவேயில்லை, அதைப் போட்டது அவருடைய மூத்த மகள் என்று சொல்லுங்கள்.